சூளையிலிருந்து வந்த வெள்ளை வட்டம்

மழைக்காலம் முடிந்த சில நாட்களுக்குப் பின்பு, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் உள்ளங்கையில், ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுள்ள சிறு வட்டம் ஒன்றை வைத்தேன். அவர் அதை ஆவலோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு அவருடைய முகம் வாடிற்று. "வெள்ளி என்று சொன்னீர்களே அக்கா, இது சுண்ணாம்புத் துண்டைப்போல் அல்லவா இருக்கிறது?" என்றார்.

அது வெள்ளிதான். நூற்றுக்கு 99.9 பங்கு வெள்ளி. அதன் நடுவே அந்தச் சகோதரியின் தாயாருடைய வலது கைப் பெருவிரல் பதிந்திருந்தது. தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ரேஷன் கடையிலும் தபால் நிலையத்திலும் வாழ்நாள் முழுவதும் கைநாட்டு வைத்தே காரியங்களை முடித்தவர். மகளைப் பார்க்க மும்பைக்கு வந்திருந்த நாட்களில், என் மேசையில் ஈரமாயிருந்த வெள்ளிக் களிமண்ணில் விரலைப் பதித்துவிட்டு, "இதற்கும் பணம் கொடுப்பார்களா?" என்று கேட்டுச் சிரித்தார். ஊருக்குத் திரும்பிப் போனார். களிமண் உலர்ந்து என் டப்பாவிலேயே இருந்தது. நான் அதைச் சூளையில் வைக்குமுன் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

ஆகவே அந்த வட்டம் ஒன்றே ஒன்றுதான். கெட்டுப்போனால் மறுபடியும் செய்ய வழியில்லை. சூளையிலிருந்து எடுத்த பின்பு அதற்கு நான் செய்தவை எவை, செய்யாமல் விட்டவை எவை என்பதையே இங்கே எழுதுகிறேன். நம் சகோதரிகளில் சிலர் வீட்டிலிருந்தபடியே இக்கைத்தொழிலைக் கற்க விரும்புவதாகக் கேள்விப்படுகிறேன். களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்ய எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். பெரும்பாலான நகைகள் கெட்டுப்போவது அதற்குப் பிந்திய வேலையில்தான்.

நம்மில் அநேகர் நகை அணிவதில்லை. அணியாதவர்கள் ஏன் செய்யவேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஆசரிப்புக் கூடாரத்திற்காகப் பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்த பெசலெயேலை நினைவுபடுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வட்டமும் கழுத்தில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. வேதாகமத்தில் அடையாளமாக வைக்கும் நாடாவின் நுனியில் கோர்த்துக்கொள்ளவே அந்தச் சகோதரி கேட்டிருந்தார். பதக்கமானாலும் மோதிரமானாலும் நாடா நுனியானாலும் வேலை ஒன்றே.

சூளைக்குள் நடப்பது

வெள்ளிக் களிமண் என்பது மண் அல்ல. மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைத் தண்ணீரோடும், தாவரப் பொருளிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைப் பசையோடும் சேர்த்துப் பிசைந்த கலவையாகும். ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாகி மொரிகாவா 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை உருவாக்கினார். பின்னர் அதே நாட்டின் ஐடா கெமிக்கல் நிறுவனம் ஆர்ட் கிளே என்ற பெயரில் வேறொரு வகையைக் கொண்டுவந்தது.

சூளையில் சுடும்போது பசை எரிந்து போய்விடுகிறது. எஞ்சிய வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் பற்றிக்கொண்டு ஒரே உடலாகின்றன. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வெள்ளி உருகுவது ஏறக்குறைய 962 பாகை செல்சியஸில். களிமண்ணைச் சுடுவதோ அதற்குக் குறைவான வெப்பத்தில். வகைக்கேற்ப 650 முதல் 900 பாகை வரை. ஆகவே வெள்ளி உருகுவதே இல்லை. புடமிடுகிறவன் உருகிய வெள்ளியில் தன் முகம் தெரியும்வரை காத்திருப்பான் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம் அல்லவா? இந்தச் சூளையின் முன் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் முகம் தெரியாது. களிம்பும் பிரியாது, ஏனெனில் இதில் களிம்பே இல்லை. முகம் தெரியவேண்டுமானால் அது சுட்ட பின்பு கையால் செய்யவேண்டிய வேலை.

பசையும் தண்ணீரும் போய்விடுவதால் பொருள் சுருங்குகிறது. முதன்முதலில் வந்த வகை கால் பங்குக்கும் மேல் சுருங்கியது. இப்பொழுது பெரும்பாலோர் பயன்படுத்தும் வகைகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குகின்றன.

இனி, அந்த வெண்மைக்கு வருவோம். அது சாம்பலும் அல்ல, அழுக்கும் அல்ல. பற்றிக்கொண்ட துகள்களின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களாய் இருக்கிறது. அதன்மேல் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறுகிறது. கற்கண்டு கண்ணாடியைப்போல் தெளிவாயிருக்க, அதைப் பொடித்தால் வெள்ளையாகிறதே, அதுபோலத்தான். ஆகவே நாம் எதையும் சுரண்டி எடுக்கவேண்டியதில்லை. மேடுகளை அழுத்திச் சமமாக்கினால் போதும்.

இதை அறியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், என் மகன் மூன்று வயதாயிருந்தபோது, அவனுடைய விரலைப் பதித்து ஒரு துண்டு செய்தேன். சூளையிலிருந்து வந்த வெண்மையைச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு, 400 எண் உப்புத்தாளால் ரேகையின்மேலேயே தேய்த்தேன். பத்து நிமிடத்தில் அழகாக மின்னிற்று. ரேகையோ ஒன்றும் இல்லை. விரல் ரேகைகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அவற்றின் உயரம் அதைவிட மிகக் குறைவு. உப்புத்தாளின் மணலுக்கு அது ஒரு வாய்க்குக்கூடப் போதாது. மகன் இப்போது என்னைவிட உயரமாய் நிற்கிறான். மூன்று வயது விரலை எங்கே போய்த் தேடுவது?

பலம் பார்த்த பின்பே மெருகு

சூளையிலிருந்து வந்தவுடன் பிரஷை எடுக்க மனம் துடிக்கும். பொறுக்கவேண்டும். முதலில் அது வெந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போதிய வெப்பம் படாத துண்டும் வெளியே அதே வெண்மையோடுதான் இருக்கும். மெருகிட்டால் அதுவும் மின்னும். விற்பனைக்குப் போய், வாங்கியவரின் கையில் இரண்டாக உடையும். அப்போது உடைவது வெள்ளி மாத்திரமல்ல, நம் பேரும் சேர்ந்துதான்.

இதற்காக, நகையோடுகூட அதே கனத்தில் ஒரு சிறு பட்டையையும் சூளையில் வைப்பது என் வழக்கம். சுட்ட பின்பு அந்தப் பட்டையைக் குறட்டால் பிடித்து வளைப்பேன். நன்றாக வெந்ததானால் உடையாமல் வளையும். பிஸ்கட்டைப்போல் ஒடிந்தால் வேகவில்லை என்று பொருள். உரிய வெப்பத்தில், உரிய நேரம் மறுபடியும் சுட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விரிசல் இருந்தால் வெள்ளிப் பசையால் அடைத்து உலர்த்தி, மறுபடியும் சுடவேண்டியதும் இந்தக் கட்டத்திலேதான். அன்றைக்கு என் பட்டை வில்லைப்போல் வளைந்தது. அதன் பிறகே எனக்கு மூச்சு வந்தது.

தட்டார் பட்டறையில் நகையை நெருப்பிலிருந்து எடுத்ததும் அமிலத்தில் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். 92.5 பங்கு வெள்ளியில் மீதி 7.5 பங்கு பெரும்பாலும் செம்பு. நெருப்பில் செம்பு கறுக்கும். அதை அகற்றவே அந்த அமிலம். நம் துண்டில் செம்பு இல்லாதபடியால் அமிலமும் வேண்டாம். ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேலை செய்கிற நமக்கு இது பெரிய நிம்மதியாகும். கல் பதிக்காத துண்டானால் தண்ணீரில் போட்டுக் குளிரச் செய்யலாம். கல் பதித்திருந்தால் தானாகவே ஆறும்வரை விடவேண்டும்; இல்லையேல் கல் வெடிக்கும்.

அடுத்தது பிரஷ். மிருதுவான பித்தளைக் கம்பி பிரஷ் அல்லது எஃகுக் கம்பி பிரஷ். பித்தளையை உலர்ந்த நிலையில் தேய்த்தால் வெள்ளியின்மேல் மஞ்சள் பூத்துவிடும். அதனால் சோப்புத் தண்ணீரில் நனைத்தபடியே தேய்க்கவேண்டும். சோப்பு வழவழப்பைக் கொடுக்கிறது. கம்பி கீறாமல் அழுத்திச் செல்லுகிறது. நம் ஊர்ப் பத்தர்கள் பூந்திக்கொட்டைத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்துவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். மும்பையில் ரீட்டா என்று கேட்டால் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கொட்டையை நீக்கி, தோலை ஊறவைத்த தண்ணீர் நன்றாக நுரைக்கும். அதைத்தான் நானும் உபயோகிக்கிறேன்.

சிறு சிறு வட்டங்களாய்த் தேய்க்க, ஐந்தாறு நிமிடத்தில் வெண்மை பின்வாங்கி, பட்டுத்துணியின் மினுமினுப்பைப்போல் ஒன்று மேலெழும்பும். அந்த விரல் பதிவுக்கு உள்ளே நான் செய்தது இவ்வளவே. உப்புத்தாளோ அரமோ அதற்குள் போகவில்லை. எஃகுக் குண்டுகளோடு நகைகளைப் போட்டு மணிக்கணக்காய்ச் சுழற்றும் சிறு உருளை இயந்திரம் ஒன்று உண்டு. மற்ற நகைகளுக்கு அது அருமையான உதவி; வெள்ளியின் மேற்பரப்பை எல்லாப் பக்கமும் தட்டி இறுக்கித் தருகிறது. அதற்கும் இந்த வட்டத்தை நான் கொடுக்கவில்லை. குண்டுகள் ரேகையை அழித்திருக்கும் என்று சொல்லமாட்டேன். சற்று மழுங்கச் செய்திருக்கலாம். அந்தச் 'சற்று' எனக்கு அதிகமாகத் தோன்றிற்று.

ஓரத்திற்கு உழைப்பு

உள்ளே கை வைக்காமல் விட்ட உழைப்பையெல்லாம் ஓரத்தில் செலவிட்டேன். வேதாகமத்தின் தாள் எவ்வளவு மெல்லியது என்பது நமக்குத் தெரியும். கூர்மையான ஓரமுள்ள ஒரு வெள்ளித்துண்டு தினமும் அதற்குள் புகுந்து வந்தால் ஒரு மாதத்தில் பக்கம் கிழியும்.

உண்மையில், ஓரத்தைச் சுடுவதற்கு முன்பே தேய்த்து உருட்டியிருக்கவேண்டும். உலர்ந்த களிமண் அப்போது பலப்பத்தைப்போல் இலகுவாய்த் தேயும். உதிரும் தூளைச் சேர்த்து, தண்ணீர் விட்டு மறுபடியும் களிமண்ணாக்கலாம். சுட்ட பின்போ அது முழு உலோகம். ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாகிறது. அந்த அம்மா விரலை எடுத்தபோது எழும்பிய ஓரத்தையும் அப்படியே விட்டுவைப்போம் என்று அன்றைக்கு எண்ணினேன். அந்த எண்ணத்திற்கு இப்போது விலை கொடுத்தேன்.

தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளை நம் ஊர் பெயிண்ட் கடைகளில் வாட்டர் பேப்பர் என்பார்கள். இங்கே பாலிஷ் பேப்பர் என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். எண் ஏற ஏற மணல் நுண்ணியதாகும். 400-இல் தொடங்கி 600, 800, 1000, 1200 என்று படிப்படியாய்ப் போகவேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றிக்கொண்டால், முந்தின தாளின் கீறல்கள் முழுவதும் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். 400-இலிருந்து நேரே 1200-க்குத் தாவுகிறவர்களைப் பார்க்கிறேன். பழைய கீறல்கள் அப்படியே இருக்க, அவற்றின்மேல் பளபளப்பு ஏறுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். எப்போதும் ஈரத்தோடு தேய்ப்பதால் தூள் காற்றில் பறந்து பிள்ளைகளின் மூச்சில் ஏறாது. அந்தத் தண்ணீரையும் வீணாக்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் தெளியவிட்டு அடியில் தங்கும் வெள்ளித் தூளைச் சேர்த்துவையுங்கள். அது மறுபடியும் களிமண்ணாகாவிட்டாலும் விலையுள்ளதே. ஜவேரி பஜாரின் சந்துகளில் தெருப்புழுதியைக் கூட்டி அள்ளி, கழுவி, பட்டறைகளிலிருந்து சிந்திய பொன் வெள்ளித் துகள்களைப் பிரித்தெடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், நம் கிண்ணத்துத் தூளை நாம் ஏன் கொட்டவேண்டும்?

தாள் முடிந்த பின்பு அகேட் கல் பதித்த மெருகுக்கோலால் ஓரத்தை அழுத்தித் தேய்த்தேன். இங்கேதான் கண்ணாடிப் பளபளப்பு வருகிறது. நாடா நுழையும் துளையையும் மறந்துவிடக்கூடாது. உள்ளே சொரசொரப்பாய் இருந்தால் நாடா நாளுக்கு நாள் அறுபடும். பருத்தி நூலில் மெருகுப்பசையைத் தடவி, துளைக்குள் விட்டு இழுத்து இழுத்துத் தேய்ப்பதே அதற்கு வழி.

ரேகைக்குக் கறுப்பு

இத்தனைக்குப் பிறகும் ரேகை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மேடும் பள்ளமும் ஒரே நிறமாயிருந்தால் எப்படித் தெரியும்? பள்ளத்திற்குக் கறுப்பு ஏற்றவேண்டும்.

வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். நம் வீட்டு வெள்ளிக் கிண்ணம் காலப்போக்கில் கறுப்பதும் காற்றிலுள்ள கந்தக வாயுவினாலேயே. இத்தொழில் செய்கிறவர்கள் பொதுவாக லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற பொருளை வெந்நீரில் கரைத்து, அதில் நகையை முக்கி எடுப்பார்கள். பொன் நிறம், செம்மை, நீலம் என்று மாறி முடிவில் கறுப்பாகும். விரும்பிய நிறத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் இட்டால் நின்றுவிடும். அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். அதன் அருகே வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை ஆசிட் எதுவும் இருக்கலாகாது. அமிலம் சேர்ந்தால் எழும்பும் வாயு உயிருக்கே ஆபத்தானது. ஜன்னல் ஒன்றே உள்ள வீட்டில் இதைச் செய்யவேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அதற்குப் பதிலாக நான் செய்வது மிக எளியது. ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, சூடாயிருக்கும்போதே மசித்து, மூடி இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். அதற்குள் ஒரு சிறு மூடியின்மேல், முட்டை தொடாதபடி வெள்ளியை வைத்து அடைத்துவிடுகிறேன். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு தன் வேலையைச் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். அன்றைக்கு மாலை ஜெபத்திற்குப் போய்த் திரும்பிவந்தபோது வட்டம் முழுவதும் பழுப்பேறியிருந்தது. இரவு முழுவதும் விட்டேன். காலையில் அடுப்புக்கரியாய் இருந்தது.

இனி மேடுகளிலிருந்து மாத்திரம் கறுப்பை எடுக்கவேண்டும். மெத்தென்ற துணியால் தேய்த்தால் அது பள்ளத்திற்குள்ளும் புகுந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். பென்சிலின் பின்புறமுள்ள ரப்பர் முனையில் மெல்லிய துணியை இறுக்கமாய்ச் சுற்றி, மெருகுப்பசையை இலேசாகத் தொட்டு, விரல் பதிவின் வளைவோடு போனேன். வீட்டுப் பாத்திரங்களுக்குப் போடும் பற்பொடி இதற்கு உதவாது, அது சுரண்டும். இடையிடையே நிறுத்தி, கழுவி, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கோடாய் ரேகை வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். விரலின் மேடுகள் களிமண்ணில் பள்ளங்களாய்ப் பதிந்திருந்தன. கறுப்பு நின்றதும் அந்தப் பள்ளங்களிலேதான். ஆகவே, ரேஷன் கடைப் பதிவேட்டில் மை தொட்டு அந்த அம்மா வைத்த கைநாட்டு எப்படி இருந்திருக்குமோ, அப்படியே வெள்ளியின்மேல் கறுப்புக் கோடுகளாய் இருந்தது.

சோப்பு நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளுக்குள் இரண்டு நாள் மடித்து வைத்தேன். தாளில் கறை ஏறவில்லை என்று கண்ட பின்பே நாடாவில் கோர்த்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சகோதரியிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் மெதுவாக வைத்துப் பார்த்தார். சேரவில்லை. "அம்மாவின் விரல் இவ்வளவு சிறியதா அக்கா?" என்றார். சூளையில் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டதை விளக்கினேன். கேட்டாரோ என்னவோ தெரியவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு, அதைச் சங்கீதங்களுக்குள் வைத்து மூடினார்.

புறப்படும்போது பராமரிப்பைக் குறித்துச் சொன்னேன். தூய வெள்ளி மிருதுவானது. கீழே போட்டால் நசுங்கும். பயன்படுத்தாத நாட்களில் காற்றுப் புகாத சிறு பையில் ஒரு சாக்பீஸ் துண்டோடு வைத்தால் ஈரம் தாக்காது. ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கக்கூடாது. அதிலும் கந்தகம் உண்டு. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் வெள்ளியைச் சுத்தம் செய்யும் முறையை அநேகர் சொல்லித் தருவார்கள். சாதாரண நகைக்கு அது நல்லது. இதற்குச் செய்தால் ரேகையின் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

"அப்படியானால் கறுத்துப்போனால் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

"உலர்ந்த துணியால் ஓரத்தை மட்டும் துடையுங்கள். நடுவில் ஒன்றும் செய்யவேண்டாம்" என்றேன்.